ஹிப்னோதெரபிக்குப் போய்வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொருநைக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். எனக்கு ஒன்பது வருஷமாக ஐபிஎஸ், அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் கோளாறு. வீட்டை விட்டுக் கிளம்பினாலே வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்ற கணக்குத்தான் முதலில் ஓடும். எடுக்காத டெஸ்ட் இல்லை, எல்லாமே நார்மல். மாத்திரை, சாப்பாட்டுப் பத்தியம் எதற்கும் மசியவில்லை. கடைசியில் இங்கே மான்செஸ்டரில் வயிற்று டாக்டர் ஹிப்னோதெரபிக்கு, அதாவது ஹிப்னாட்டிசம் வழியாகச் செய்யும் சிகிச்சைக்கு, எழுதிக் கொடுத்தபோது, சரி, நம்மைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா போனில், “வசியம் பண்றவன்கிட்டயா போகப்போற?” என்றாள்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், இந்தச் சிகிச்சைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்த ஊர்தான். பீட்டர் வோர்வெல் என்ற டாக்டரின் குழு 1984இல் 30 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹிப்னோதெரபியும் மறு பாதிக்குக் கவுன்சலிங்கோடு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறது. முதல் கூட்டம் நன்றாகவே தேறியிருக்கிறது. 12 மாதம் மருந்து எடுத்தும் அடங்காத ஐபிஎஸ்ஸுக்கு இதையும் யோசிக்கலாம் என்று இங்கிலாந்தில் எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலே சொல்கிறது. அதற்கப்புறம்தான் தைரியம் வந்தது.

முதல் நாள் வெறும் பேச்சுதான். குடலும் மூளையும் எப்படித் தகவல் பரிமாறிக்கொள்கின்றன, பயம் வந்தால் வயிறு ஏன் கலக்குகிறது, இப்படி. இரண்டாவது வாரம் நாற்காலியில் சாய்ந்து, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, மூச்சைக் கவனித்து, கண்ணை மூடச் சொன்னார் தெரபிஸ்ட் அம்மா. எப்போது மயங்குவோம் என்று காத்திருந்தேன், மயங்கவே இல்லை. வெளியே குப்பை லாரி பின்னால் வரும் சத்தம் கேட்கிறது, கார் பார்க்கிங் டைம் முடியப்போகிறதே என்ற கவலையும் ஓடுகிறது, ஆனால் எழுந்து போகத்தான் மனசில்லை.

அப்புறம் கையை வயிற்றில் வைத்து, அந்தக் கையில் சூடு ஏறுவதாக நினைக்கச் சொன்னார். நிஜமாகவே ஏறியது. அடுத்து, குடலை ஓர் ஆறாக நினைக்க வேண்டும். அவர் என்ன ஆற்றை மனதில் வைத்துச் சொன்னாரோ தெரியாது, எனக்கு வந்தது சீசன் நேரத்துக் குற்றாலம். குளிக்கத் தடை போடுவார்களே, அந்த வெள்ளம். என் வயிறு சாட்சாத் அதேதான்! அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து, மருதமரத்தடியில் நிதானமாகப் போகும் தாமிரபரணி ஆக்குவதுதான் வேலை. மலச்சிக்கல்காரர்களுக்கு இதையே திருப்பி, தேங்கிய தண்ணீரை ஓடவிடச் சொல்வார்களாம்.

மொத்தம் 12 தடவை. நடுவில் தினமும் வீட்டில் ஒலிப்பதிவைக் கேட்டுப் பயிற்சி. இதைச் செய்யாமல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவதில் பிரயோஜனமில்லை. ஆறு வாரம் வரை எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் லண்டன் ரயிலில், பாதி வழி தாண்டிய பிறகுதான் உறைத்தது, கழிப்பறை எந்தப் பெட்டியில் என்று நான் பார்க்கவே இல்லை. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கல்யாண வீட்டுச் சாப்பாடு இன்னமும் பழிவாங்கும்.

கோவை சுமதி:
அண்ணா, உங்களுக்கு நல்ல ஆள் அமைந்துவிட்டார். அப்பா இறந்தபின் தூக்கம் வராமல் நான் போன இடத்தில் ‘முற்பிறவிக்குப் போகலாம்’ என்றார்கள். கேள்விமேல் கேள்வி கேட்டதில், நான் ஏதோ அரண்மனையில் விஷம் வைத்துக் கொல்லப்பட்டதாகக் கதை சொல்லியிருக்கிறேன். ஒரு மாதம் அதை உண்மை என்றே நம்பித் தொலைத்தேன். இந்த நிலையில் கற்பனை பண்ணுவதுகூட நடந்த ஞாபகம் போலவே ஒட்டிக்கொள்ளும் என்று அப்புறம் பார்த்த சைக்காலஜிஸ்ட்தான் விளக்கினார். அந்த முதல் ஆளின் படிப்பு மூன்று நாள் கோர்ஸாம்! போவதற்கு முன் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

புகைவண்டி:
சிகரெட்டை விடப் போனேன். இரண்டு சிட்டிங். பதினெட்டு நாள் தாங்கியது. அவ்வளவுதான்.

கேள்வியின் நாயகி:
பாதியில் விழிக்க முடியாமல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மேடை ஷோவில் கோழி மாதிரி கூவ வைக்கிறார்களே?

பொருநைக்காரன்:
மேடைக்குப் போகிறவர்கள் கூவத் தயாராகத்தானே போகிறார்கள்! பேரிலேயே கோளாறு இருக்கிறது. 1843இல் ஜேம்ஸ் பிரெய்டு, அவரும் இதே மான்செஸ்டர் டாக்டர்தான், எழுதிய புத்தகத்தால் பரவிய பேர் ஹிப்னாட்டிசம். ஹிப்னோஸ் என்றால் கிரேக்கத்தில் தூக்கம். ஆனால் இது தூக்கமே இல்லை. நம் ‘அறிதுயில்’ எவ்வளவோ பொருத்தம்.

மாட்டிக்கொள்வதைப் பற்றிக் கேட்டீர்களே, நாலாவது வாரம் நான் தாமிரபரணியில் இருக்கும்போது கட்டடத்தில் ஃபயர் அலாரம் அடித்துவிட்டது. தெரபிஸ்ட் அம்மா ஃபைலை எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் நான் படிக்கட்டில் இருந்தேன், கழற்றி வைத்த ஷூவையும் கையில் எடுத்துக்கொண்டு.