மேக்ஸீனில் காரம் சேர்த்ததும் மின்தடை ஏறிவிட்டது, பொருள் கெட்டுவிட்டதா?

உலைக்களம்:
வணக்கம். ஒரு வருடமாக டைட்டானியம் கார்பைடு மேக்ஸீனோடுதான் (சில அணுக்கள் தடிமனே உள்ள, மின்சாரம் கடத்தும் ஏடுகளால் ஆன பொருள்) என் பொழுது. லித்தியம் ஃபுளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்து, மூலப்பொருளின் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் அலுமினியத்தை அரித்து, கழுவிக் குலுக்கினால் கரும்பச்சைக் கூழ்மம் அருமையாக வருகிறது. மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஃபுளோரினை நீக்கலாம் என்று போன வாரம் அதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பால் திரிந்த மாதிரி எல்லாம் அடியில் இறங்கிவிட்டது. வடிகட்டிய படலத்தில் பழைய உலோகப் பளபளப்பு இல்லை, அடுப்புக்கரி மாதிரி மங்கல். மின்தடை பல மடங்கு. ஆனால் கந்தக அமிலத்தில் வைத்தால் மின்தேக்குதிறன் முன்பைவிடக் கூடுதல்! எதை நம்புவது?

வெள்ளிமீன்:
இரண்டையும் நம்புங்கள். 2011-இல் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முதன்முதலாக அரித்தபோதே ஏட்டின் மேற்பரப்பு வெறுமையாக இல்லை. ஃபுளோரினும் ஹைட்ராக்சிலும் உட்கார்ந்துகொண்டன. காரம் அந்த ஃபுளோரினில் ஒரு பகுதியைப் பெயர்த்து ஆக்சிஜன் குழுக்களைக் கொண்டுவருகிறது. அமிலத்தில் புரோட்டான் வந்து பிடித்துக்கொள்வது அந்த ஆக்சிஜனைத்தான். அதனால் தேக்கம் கூடுகிறது.

திரிந்ததற்குக் காரணம் வேறு. ஏடுகள் எதிர்மின்னூட்டத்தால்தான் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. பொட்டாசியம் அயனி அந்த விலக்கத்தைத் தணித்தால் கசங்கி ஒட்டிக்கொள்ளும். கசங்கிய ஏடுகள் ஒழுங்காகப் படியாது, பளபளப்பும் போய்விடும். பொட்டாசியம் தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு இடுக்கில் புகும். ஒரு ஏட்டிலிருந்து அடுத்ததற்கு எலக்ட்ரான் தாவுவது சிரமமாகும். ஏட்டுக்குள் கடத்தல் பெரிதாகக் கெட்டிருக்காது என்பது என் எண்ணம்.

அரிப்பாளி:
சரி, ஆனால் ஆக்சிஜனேற்றம் இல்லை என்று உறுதிசெய்யாமல் நிம்மதியாக இருக்காதீர்கள் தம்பி. எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர் அளவீடு) 25.3 டிகிரியில் அனடேஸ், அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு, முகடு தெரிகிறதா? கூழ்மத்தைத் திறந்த குப்பியில் எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்? எனக்கு ஒரு முறை வெளுத்தே போய்விட்டது. அப்போதிருந்து ஆர்கான் ஊதி ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். முகடு இல்லையென்றால் படலத்தை வெற்றிட அடுப்பில் 200 டிகிரியில் உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். தண்ணீர் போனால் கடத்தல் ஓரளவு திரும்பும். ஃபுளோரின் அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது.

உலைக்களம்:
அண்ணா, 25.3-இல் ஒன்றும் இல்லை. முதல் முகடு மட்டும் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, ஏடுகளுக்கு நடுவே இடைவெளி விரிந்ததுதான் போல. படலத்தை இப்போதுதான் அடுப்பில் வைத்தேன்.