23 லீற்றர் பியருக்கு எந்த காஸ் பர்னர் எடுப்பது? எண்களைப் பார்த்துக் குழம்பிப்போய் இருக்கிறேன்

வடலி (ஸ்காபரோ)

வணக்கம். இரண்டு வருடமாக டின்னில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகை வைத்துத்தான் பியர் போட்டுக்கொண்டிருந்தேன், அதற்குக் குசினி அடுப்பே போதுமாக இருந்தது. இப்போது தானியத்திலிருந்தே தொடங்கலாம் என்று 36 லீற்றர் எவர்சில்வர் கிடாரம் ஒன்று வாங்கி, போன சனிக்கிழமை முதல் தடவை முயற்சி செய்தேன். மால்ட் ஊறவைத்து வடித்தவரை பிரச்சினை இல்லை. 66 டிகிரியில் இருந்த 27 லீற்றர் சாற்றைக் (கொதித்து வற்றி 23 ஆக வேண்டியது) கொதிக்க வைக்கத்தான் ஒன்றேகால் மணித்தியாலம் போனது, அதற்குப் பிறகும் அதைக் கொதி என்று சொல்ல முடியாது, ஒரு கரையில் மட்டும் சோம்பலாகக் குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. அடுப்பைச் சுற்றி ஈரம், சுவரில் நீராவி, அம்மா வந்து "மாட்டுக்குத் தவிடு அவிக்கிறியோ" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகவே வெளியே வைக்கும் புரோபேன் பர்னர் வேண்டும். கடையில் 55,000 பி.டி.யூ. (சூட்டின் அளவு, பர்னரில் மணிக்குக் கணக்கு) என்று ஒன்று, 72,000 என்று ஒன்று, 2 லட்சம் என்று இன்னொன்று. விலை வித்தியாசம் பெரிதாக இல்லாததால் பெரியதையே எடுத்துவிடலாமா? அப்புறம், குளிருக்குள் வெளியே நிற்காமல் பேஸ்மெண்டில் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யலாமா? சொந்தக்காரர் ஒருவர் ஊரில் கல்யாணச் சமையலுக்கு வைக்கும் அடுப்பைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார், அது சரிவருமா?

நுரைதள்ளி (பிராம்ப்டன்)

பேஸ்மெண்ட் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். ஜன்னல் திறந்திருந்தாலும் வேண்டாம். புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து வாட்டர் ஹீட்டர் இருக்கும் மூலையில் போய்த் தேங்கும். கசியாவிட்டாலும் அவ்வளவு பெரிய தீ அடைத்த இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையும் கிடையாது. இங்கே கனடாவில் 20 பவுண்டு சிலிண்டரை வீட்டுக்குள் வைப்பதே விதிக்கு விரோதம். கராஜுக்குள்ளும் வைக்காதீர்கள், கதவுக்கு வெளியே டிரைவ்வேயில் வையுங்கள், நீங்கள் வேண்டுமானால் கராஜுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பி.டி.யூ. அட்டையில் போட்டிருப்பது பர்னர் எரிக்கக்கூடிய அதிகபட்சம், அண்டாவுக்குள் போவது அதில் மூன்றில் ஒரு பங்கு, நன்றாக அமைந்தால் 40 சதவீதம். மீதி பக்கவாட்டில் ஏறி காற்றோடு போய்விடும். உங்கள் 27 லிட்டரை 66 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 3,600 பி.டி.யூ. வேண்டும். வீட்டு அடுப்பில் ஒரு பர்னர் 12,000 என்று வைத்தால் உள்ளே போவது மணிக்கு 4,800, அதிலும் அகலமான மூடாத அண்டா மேலே சூட்டை இழந்துகொண்டே இருக்கும், அதனால்தான் ஒன்றேகால் மணி. 60,000 பர்னர் என்றால் 10, 12 நிமிடத்தில் வந்துவிடும். 2 லட்சத்தில் 4 நிமிடத்தில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த 7, 8 நிமிடத்தை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?

மூடிவைத்துக் கொதிக்க வைத்தால் சீக்கிரம் வருமே என்று தோன்றும். கொதி வரும்வரை மூடலாம், வந்த பிறகு திறந்துவிட வேண்டும். மால்ட்டிலிருந்து வரும் டைமெத்தில் சல்பைடு ஆவியோடு வெளியே போகாவிட்டால் பியரில் வேகவைத்த சோள வாடை அடிக்கும். நீங்கள் சொன்ன சோம்பல் கொதியிலும் அந்த ஆபத்து உண்டு.

பெரிய பர்னரில் நான் பட்டது வேறு. என்னிடம் முதலில் இருந்தது 10 அங்குல வார்ப்பிரும்பு பர்னர், 30 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) ரெகுலேட்டர், அதாவது வாயு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் திருகி, ஜெட் விமானம் மாதிரி சத்தம். தீ அண்டாவின் அடியைத் தாண்டிப் பக்கத்தில் ஏறி, பக்கவாட்டுக் குழாயின் ரப்பர் வளையத்தைக் கருக்கிவிட்டது. குறைத்து வைத்தால் அணைந்து அணைந்து எரியும். ஊறவைக்கும் தண்ணீரை 70 டிகிரியில் நிறுத்த முடியாது, கண் சிமிட்டுவதற்குள் 76. 60 லிட்டர், 80 லிட்டர் போடுகிறவனுக்கு அது. 23 லிட்டருக்கு 50,000 முதல் 75,000 வரை, 10 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டரோடு வருவது போதும். பேயூ கிளாசிக் கம்பெனியின் சிறிய மாடல்கள் அந்த வகை, பிளிக்மன் கம்பெனியின் பர்னர் விலை கூட ஆனால் சத்தம் குறைவு.

கடையில் எண்ணைப் பார்க்காமல் குனிந்து பாருங்கள்: தீ வரும் வட்டம் உங்கள் அண்டாவின் அடியைவிடச் சிறிதாக இருக்க வேண்டும், காற்றுத் துளையைத் திறந்து மூட ஒரு தகடு இருக்க வேண்டும், காற்றுத் தடுப்பு இருக்க வேண்டும், கால்கள் அகன்று நிற்க வேண்டும். நிரம்பிய 36 லிட்டர் அண்டா 35 கிலோவுக்கு மேல், கொதிக்கிற சாறு, ஆடினால் கதை முடிந்தது.

கரண்ட்காரன்

எல்லோரும் தீயிலேயே நிற்கிறீர்கள். 240 வோல்ட் இணைப்பு இருந்தால் 5,500 வாட் ஹீட்டர் கம்பி ஒன்றை அண்டாவுக்குள் போடுங்கள். அது மணிக்கு 18,700 பி.டி.யூ. சொச்சம்தான், ஆனால் கம்பி சாற்றுக்குள்ளேயே இருப்பதால் கிட்டத்தட்ட முழுதும் உள்ளே போகும், ஏறத்தாழ 55,000 காஸ் பர்னருக்குச் சமம். பேஸ்மெண்டிலும் செய்யலாம், நீராவியை வெளியேற்ற ஃபேன் மட்டும் வேண்டும்.

நுரைதள்ளி (பிராம்ப்டன்)

சரிதான், ஆனால் அந்த இணைப்பை இழுக்க எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் காசில் நாலு பர்னர் வாங்கலாம். வாடகை வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

வடலி (ஸ்காபரோ)

வாடகை வீடுதான். அப்படியென்றால் காஸ்தான். ஊர் அடுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்னொன்று, டெக்கில் பார்பிகியூவுக்கு இயற்கை எரிவாயுக் குழாய் வருகிறது, அதில் மாட்டினால் சிலிண்டரே தேவையில்லை அல்லவா?

மூன்றாம் வாளி (ஒட்டாவா)

ஊர் அடுப்பு வேண்டாம். அந்த ரெகுலேட்டர் இங்கத்தைய சிலிண்டர் வாயில் பொருந்தாது, பொருத்துகிறேன் என்று இடைத்துண்டு தேடத் தொடங்கினால் அங்கேதான் கசியும். இங்கே சிஎஸ்ஏ (கனடாவின் தரச் சான்று) முத்திரை உள்ளதை எடுங்கள். குழாய் எரிவாயுவும் அப்படியே போகாது. ஒரு கன அடி புரோபேனில் 2,500 பி.டி.யூ. இருக்கும், இயற்கை எரிவாயுவில் 1,000 தான், அழுத்தமும் மிகக் குறைவு. அதற்கு வேறு அளவு துளை வேண்டும், புரோபேன் பர்னரை அதில் மாட்டினால் மெழுகுவர்த்தி மாதிரி எரியும்.

குளிரைப் பற்றி ஒன்று. மைனஸ் 42 வரை புரோபேன் ஆவியாகும் என்பது உண்மைதான், ஆனால் மைனஸ் 20இல் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமே 20 பி.எஸ்.ஐ. அளவுதான், ஆவியாக ஆவியாகத் திரவம் இன்னும் குளிர்ந்து அதுவும் இறங்கும். சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வெள்ளையாக உறைபனி படிந்தால் அதுதான் நடக்கிறது. அந்த நேரத்தில் 30 பி.எஸ்.ஐ. பர்னர் வைத்திருந்தும் பயனில்லை. நிரம்பிய சிலிண்டரோடு தொடங்குங்கள், அவ்வளவுதான். சிலிண்டரைச் சூடாக்குகிறேன் என்று தீப்பக்கம் கொண்டுபோகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

வடலி (ஸ்காபரோ)

10 பி.எஸ்.ஐ. ரெகுலேற்றரோடு 60,000 பர்னர் ஒன்று எடுத்துவிட்டேன். இன்று காலை டிரைவ்வேயில் வைத்து, கசிவு இருக்கிறதா என்று சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தேன், குமிழி வரவில்லை. ஆனால் பற்றவைத்தால் விரல் நகம் உயரத்துக்குத்தான் தீ. ரெகுலேற்றரை முழுதாகத் திறந்தாலும் அதே. புதுச் சிலிண்டர், ஆட்டினால் உள்ளே தளும்புகிறது. கடையில் பழுதானதைத் தந்துவிட்டார்களா?

நுரைதள்ளி (பிராம்ப்டன்)

எதை முதலில் திறந்தீர்கள்? ரெகுலேட்டர் திறந்திருக்கும்போது சிலிண்டர் வால்வைத் திறந்தீர்களா?

வடலி (ஸ்காபரோ)

ஓம், ரெகுலேற்றரைத் திறந்து வைத்துவிட்டுச் சிலிண்டரை ஒரே சுழற்றாகத் திறந்தேன்.

நுரைதள்ளி (பிராம்ப்டன்)

அதுதான். சிலிண்டரில் மாட்டும் அந்த பிளாஸ்டிக் திருகு முனைக்குள் ஒரு பாதுகாப்பு அடைப்பு இருக்கிறது. திடீரென்று நிறைய வாயு பாய்ந்தால் குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடைத்து, துளி துளியாகத்தான் விடும். எல்லாவற்றையும் மூடுங்கள். ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்து கழற்றி இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். திரும்ப மாட்டி, ரெகுலேட்டர் மூடியிருக்க, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள், பத்து எண்ணுங்கள், பிறகு ரெகுலேட்டரைக் கொஞ்சம் திறந்து பற்றவையுங்கள். முகத்தை மேலே நீட்டாமல்.

வடலி (ஸ்காபரோ)

அண்ணா, வேலை செய்தது!! 12 நிமிடத்தில் கொதித்துப் புரண்டது. மகிழ்ச்சியில் நான் மறந்துபோனது, முதல் கொதியில் நுரை எழும்பும் என்பதை. பால் பொங்குவது போல ஒரே எழும்பல், பாதி லீற்றர் டிரைவ்வேயில். உடனே தீயை அணைத்துவிட்டேன், இனிமேல் பக்கத்தில் தண்ணீர் விசிறும் போத்தல் ஒன்று வைத்திருப்பேன். இப்போது ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் பூ) போட்டாயிற்று. ஒரே ஒரு கேள்வி: கிடாரத்தின் அடி கரிச்சட்டி மாதிரி கறுத்துவிட்டது, தீயும் மஞ்சளாகத்தான் எரிந்தது.

மூன்றாம் வாளி (ஒட்டாவா)

காற்று போதவில்லை. புது பர்னரில் முதல் கொஞ்ச நேரம் பெயிண்ட் எரிகிற நாற்றமும் புகையும் வரும், அது போகட்டும். தீ இன்னும் மஞ்சளாக இருந்தால் குழாய் வாயில் இருக்கும் தகட்டைத் திருப்பிக் காற்றைக் கூட்டுங்கள், நீலமாக வரும்வரை. அதிகம் திறந்தால் தீ பர்னரை விட்டு எழும்பி இரையும், கொஞ்சம் பின்வாங்குங்கள். அடுத்த வசந்தத்தில் கராஜிலிருந்து எடுக்கும்போது அதே குழாய்க்குள் ஒரு மெல்லிய பிரஷ்ஷை விட்டுப் பாருங்கள், சிலந்தி வலை கட்டியிருக்கும். எனக்குப் போன வருடம் முட்டையோடு ஒரு உருண்டையே வந்தது. கரியை இப்போதே சாம்பல் போட்டுத் தேய்க்காமல், பியர் குளிர்ந்து வாளிக்கு மாறின பிறகு பாருங்கள்.