வேர்டில் கோடு, கட்டம் வரைந்து மாட்டிக்கொண்ட கோப்புகள்: உங்கள் அனுபவம்?

ஓரக்கோடு:
மூன்று ஹைஃபன் அடித்து என்டர் தட்டினால் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை ஓடுமே, அந்தக் கோடுதான். ஓர் அறிக்கையின் நடுவில் கிடந்தது. கிளிக் செய்தால் பிடிபடவில்லை, டெலீட்டுக்கு மசியவில்லை, என்டர் தட்டினால் ஒரு வரி கீழே இறங்கியது. யாரோ அதன் மேல் வெள்ளைச் செவ்வகம் வைத்து, அதைப் பக்கத்தோடு பூட்டியும் வைத்திருந்தார்கள். மேலே இரண்டு வரி சேர்த்தார்கள், அவ்வளவுதான். கோடு வெளியே வந்துவிட்டது, நல்ல பத்தி ஒன்று செவ்வகத்துக்குள் போய்விட்டது.

நூல்பிடி:
அது வரைந்த கோடே இல்லை, பத்தியின் கீழ்க்கரை (பார்டர்). அதனால்தான் மௌஸுக்குச் சிக்காது. கோட்டுக்கு நேர் மேலே இருக்கும் வரியில் கர்சரை வைத்து ஹோம் > பார்டர்ஸ் > நோ பார்டர் கொடுங்கள், போய்விடும். கன்ட்ரோல்+க்யூ அடித்தாலும் போகும், ஆனால் அந்தப் பத்திக்குக் கையால் கொடுத்த இன்டென்ட், அலைன்மென்ட் எல்லாம் கூடவே போகும். ஹைஃபனுக்கு மெல்லிய கோடு, அடிக்கோட்டுக் குறிக்குத் தடித்தது, சமக்குறிக்கு இரட்டை, நட்சத்திரத்துக்குப் புள்ளி, டில்டேவுக்கு நெளி. எதுவானாலும் மூன்று போதும். வந்த கையோடு கன்ட்ரோல்+இசட் அடித்தால் கோடு மறைந்து மூன்று குறிகள் மட்டும் நிற்கும். ஒரேயடியாக நிறுத்த: ஃபைல் > ஆப்ஷன்ஸ் > ப்ரூஃபிங் > ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் > ஆட்டோஃபார்மட் அஸ் யூ டைப். அங்கே 'பார்டர் லைன்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

சாய்வு:
நிறுத்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தலைப்புக்குக் கீழே பிரிப்புக்கோடு வேண்டுமென்றால் பார்டர்தான் சரி. தாளைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அது தானே நீளும். வரைந்த கோடு பழைய அளவிலேயே நின்று பாதித் தாளோடு முடிந்துவிடும்.
வரைந்த கோட்டின் இன்னொரு வினை: திரையில் நேராகத் தெரிந்தது, அச்சில் படிக்கட்டு மாதிரி வந்தது. ஒரு முனை இம்மியளவு கீழே இருந்ததுதான் காரணம். வரையும்போதே ஷிஃப்டை அழுத்திக்கொண்டால் கோடு குறிப்பிட்ட கோணப் படிகளில் மட்டுமே திரும்பும். ஏற்கெனவே வரைந்தது என்றால் ஷேப் ஃபார்மட்டில் ஹைட் பெட்டியில் 0 போடுங்கள். கண்ணால் பார்த்து நிமிர்த்துவது வீண் வேலை.

நங்கூரம்:
ஒரு வெற்று வரியை அழித்தார்கள், பக்கத்தின் மறுகோடியில் இருந்த அம்புக்குறி காணாமல் போனது. பலரும் பார்த்திருப்பீர்கள். மிதக்கும் ஷேப் (வரிக்குள் உட்காராத வடிவம்) ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பத்தியில் கட்டப்பட்டிருக்கும், அந்தக் கட்டுதான் நங்கூரம். பத்தியை முழுதாக அழித்தால் ஷேப்பும் போகும், பத்தி அடுத்த பக்கத்துக்குத் தாவினால் அதுவும் தாவும்.
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஃபைல் > ஆப்ஷன்ஸ் > டிஸ்ப்ளேயில் 'ஆப்ஜெக்ட் ஆங்கர்ஸ்' டிக் செய்தால் நங்கூரக் குறி எப்போதும் தெரியும். அதைப் பிடித்து இழுத்து, அழிய வாய்ப்பில்லாத தலைப்புப் பத்தியில் போடலாம். 'லாக் ஆங்கர்' கொடுத்தால் ஷேப்பை நகர்த்தினாலும் நங்கூரம் அதே பத்தியில் இருக்கும். பத்தியை அழித்தால் அப்போதும் ஷேப் அழியும், அதற்கு இந்தப் பூட்டு உதவாது. அதே டிஸ்ப்ளே பக்கத்தில் 'பிரின்ட் டிராயிங்ஸ் கிரியேட்டட் இன் வேர்ட்' என்றும் ஒன்று உண்டு. அதில் டிக் இல்லையென்றால் ஷேப் தாளில் வராது, பிரின்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. திரையிலேயே தெரியவில்லையா? டிராஃப்ட் வியூவில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒன்றின் அடியில் ஒன்று ஒளிந்திருந்தால் ஆல்ட்+எஃப்10, செலக்‌ஷன் பேனில் மொத்தப் பட்டியலும் வரும். நாலைந்து ஷேப் இருந்தால் கன்ட்ரோல் அழுத்தியபடி தேர்ந்து குரூப் செய்துவிடுங்கள், வேலை முடிந்தது.

இணைகோடு:
குரூப் செய்தால் வேலை முடிந்ததா? பாய்வுப்படத்துக்குச் செல்லாது. குரூப்புக்குள் ஒரு பெட்டியை நகர்த்திப் பாருங்கள், அம்பு பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். பன்னிரண்டு பெட்டி கொண்ட படத்தில் ஒரு பெட்டியைத் தள்ளியதற்கே பாதி அம்புகள் வெறும் இடத்தைக் குத்திக்கொண்டிருந்தன.
வேர்டில் கனெக்டர் (பெட்டிகளை இணைக்கும் கோடு) பெட்டியோடு ஒட்ட வேண்டுமானால் இரண்டும் டிராயிங் கேன்வாஸ் என்ற வரைசட்டத்துக்குள் இருக்க வேண்டும். இன்சர்ட் > ஷேப்ஸ், பட்டியலின் அடியில் 'நியூ டிராயிங் கேன்வாஸ்'. உள்ளே பெட்டிகளை வரைந்து, கனெக்டரின் முனையைப் பெட்டியோரப் புள்ளியில் விடுங்கள். 2013-க்குப் பிந்தைய பதிப்புகளில் ஒட்டிய முனை பச்சையாகும். கேன்வாஸை 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' ஆக்கினால் மொத்தப் படமும் ஓர் எழுத்துப் போல வரிக்குள் உட்காரும், எங்கும் மிதக்காது.

சாய்வு:
அப்படி வரிக்குள் வைத்த படம் மெல்லிய கீற்றாக மட்டும் தெரிந்தால், அந்தப் பத்தியின் லைன் ஸ்பேசிங் 'எக்ஸாக்ட்லி'யில் இருக்கிறது. 'சிங்கிள்' ஆக்குங்கள்.

கட்டம்:
படிவத்தை யாரும் பேசவில்லையே. 'பெயர்: ______' என்று அடிக்கோட்டுக் குறியை வரிசையாக அடித்த படிவம் ஒன்று. நிரப்புபவர் பெயரை எழுத எழுத, மிஞ்சிய கோடு அடுத்த வரிக்கு மடிந்துகொண்டே போனது. அங்கே ஷேப்பும் வேண்டாம், குறியும் வேண்டாம், டேப் போதும். இருபுறமும் 2.5 செ.மீ. விளிம்பு விட்ட ஏ4 தாளில் எழுத 16 செ.மீ. கிடைக்கும். பாராகிராஃப் > டேப்ஸில் 16 செ.மீ., அலைன்மென்ட் ரைட், லீடர் 4 (டேப்பின் இடைவெளியை அடிக்கோட்டால் நிரப்புவது). 'பெயர்:' அடித்து டேப் தட்டினால் கோடு சரியாக விளிம்பில் முடியும். பெயரை டேப்புக்கு முன்னால் எழுதினால் கோடு தானாகச் சுருங்கும். அதே வரியில் தேதியும் வேண்டுமென்றால் 9 செ.மீ.யில் இன்னொரு டேப், லீடர் 4, ஆனால் அலைன்மென்ட் லெஃப்ட். அதையும் ரைட் என்று வைத்தால் 'தேதி:' என்ற சொல் 9-க்கு இந்தப் பக்கம் வந்து பெயருக்கான இடத்தைத் தின்றுவிடும்.