பெலிங் கரைசல் சிவக்காவிட்டால் அது கீட்டோன்தானா?

ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்
அனைவருக்கும் வணக்கம். ஆய்வுக்கூடத்தில் பெயர் ஒட்டாத மூன்று போத்தல்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் ஆல்டிஹைடா கீட்டோனா என்று கண்டறியச் சொன்னார்கள். பெலிங் கரைசலுடன் சூடாக்கியபோது ஒன்று மட்டுமே செங்கல் சிவப்பு வீழ்படிவைத் தந்ததால், மற்ற இரண்டையும் கீட்டோன் என்று எழுதினேன். மூன்று போத்தல்களிலும் இருந்தவை புரோப்பனல், அசிட்டோன், பென்சால்டிஹைடு என்று பின்னர் தெரிந்தது. வாதுமை மணம் வீசிய பென்சால்டிஹைடு ஏன் சிவப்பைத் தரவில்லை?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்
மகளே, உன் செய்முறையில் பிழையில்லை. அதிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை. கார்போனைல் கரிமத்தோடு, அதாவது ஆக்ஸிஜனுடன் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கரிமத்தோடு, ஒரு ஹைட்ரஜன் நேரடியாக இணைந்திருப்பதால் ஆல்டிஹைடு எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. கீட்டோனில் அந்த ஹைட்ரஜன் இல்லை. கரிமங்களுக்கு இடையிலான பிணைப்பையே உடைத்தாக வேண்டும் என்பதால், மென்மையான ஆக்ஸிஜனேற்றிகளுக்கு அது மசிவதில்லை. ஆனால் பெலிங் கரைசலிலுள்ள செம்பு அயனி, டாலன்ஸ் கரணியிலுள்ள வெள்ளி அயனியைவிட வலுக்குறைந்தது. பென்சீன் வளையத்தில் நேரடியாக ஒட்டியிருக்கும் ஆல்டிஹைடுத் தொகுதியை அதனால் ஆக்ஸிஜனேற்ற முடியாது, வெள்ளியால் முடியும்.

ஆகவே டாலன்ஸ் சோதனையைச் செய்து பார். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் ஒரு துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் பழுப்பு வீழ்படிவு தோன்றும். அது கரையும் அளவுக்கு மட்டும் நீர்த்த அம்மோனியாவைச் சேர்த்து, மாதிரியைக் கலந்து வெந்நீரில் வைக்க வேண்டும். ஆல்டிஹைடு இருந்தால் குழாயின் உட்சுவரில் வெள்ளி கண்ணாடிபோல் படியும். இதுவே வெள்ளி ஆடி. சோதனைக்குழாய் நன்றாகக் கழுவப்படாமல் இருந்தால் வெள்ளி ஆடிக்குப் பதிலாகக் கறுப்புப் படிவுதான் கிடைக்கும். மீந்த கரணியை ஒருபோதும் எடுத்துவைக்காதே. நாள்பட்டால் வெடிக்கக்கூடிய பொருள் அதில் உருவாகும்.

பினாங்கில் வேதியியல் பயிலும் மாணவர்
தங்கை, இவற்றுக்கெல்லாம் முன்னதாக 2,4-டைநைட்ரோபீனைல் ஹைட்ரசீனைச் சேர்க்க வேண்டும். மஞ்சள் முதல் சிவப்பு வரையிலான வீழ்படிவு வந்தால்தான் அது ஆல்டிஹைடோ கீட்டோனோ என்ற கேள்விக்கே இடமுண்டு. அந்தப் படிகங்களைத் தூய்மையாக்கி உருகுநிலை பார்த்தால் சேர்மத்தின் பெயரையே சொல்லிவிடலாம்: அசிட்டோனுடையது ஏறக்குறைய 126 பாகை செல்சியஸ், பென்சால்டிஹைடுடையது ஏறக்குறைய 237. அயோடினும் காரமும் சேர்த்துச் செய்யும் அயடோபார்ம் சோதனையும் உன் மூன்று போத்தல்களில் அசிட்டோனுக்கு மட்டுமே மஞ்சள் வீழ்படிவைத் தரும். ஆயினும் அசிட்டால்டிஹைடும் அதே மஞ்சளைத் தரும் என்பதால், கீட்டோனுக்கு உரிய சோதனையாக அதைக் கருதிவிடாதே.

ரப்பர் தோட்டத்தில் பணிபுரிபவர்
ஐயா, ரப்பர் பாலை உறைய வைக்க நாங்கள் ஊற்றும் பார்மிக் அமிலமும் வெள்ளி ஆடியைத் தரும் என்று என் மகன் சொல்கிறான். அப்படியானால் அதுவும் ஆல்டிஹைடா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்
உங்கள் மகன் சொல்வது சரி. பார்மிக் அமிலத்தின் கார்போனைல் கரிமத்திலும் ஒரு ஹைட்ரஜன் இருப்பதால் அது வெள்ளி அயனியை ஒடுக்குகிறது. இருப்பினும் அது கார்பாக்சிலிக் அமிலமே: ஹைட்ரசீன் சோதனையில் வீழ்படிவு தராது, சோடியம் கார்பனேட்டை இட்டால் நுரைத்துப் பொங்கும்.