ஹார்மனைசர் மானத்தை வாங்கிய கதைகள்: அனுபவப் பகிர்வு

கடற்கரை கிட்டார், தூத்துக்குடி

நான்கு வருடம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. அதனால் நானே தொடங்குகிறேன். ஹார்மனைசர் என்றால், நாம் வாசிக்கும் ஸ்வரத்தோடு, குமிழில் வைத்த கீ-க்கு (சுருதிக்கு) ஏற்ற இன்னொரு ஸ்வரத்தைத் தானாகச் சேர்த்துத் தரும் பெடல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, கேரல் ஆராதனை. எல்லாப் பாட்டையும் டி-யில், அதாவது இரண்டு கட்டையில், ஒத்திகை பார்த்திருந்தோம். இரண்டாம் பாட்டின் நடுவில் எனக்கு எட்டு பார் (தாளச் சுற்று) சோலோ. ஹார்மனைசரை டி மேஜர், மேலே மூன்றாவது ஸ்வரம் என்று வைத்து, ஆலயத்தில் ஆள் சேருவதற்கு முன்பே ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். தேவதூதர் இருவர் சேர்ந்து ஊதியது போல இருந்தது. எனக்கே மெய்சிலிர்த்தது.

ஆராதனைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாடகர் குழுத் தலைவர் வந்து, "ஆண்களுக்குக் கீழே எட்டவில்லை, இரண்டரைக் கட்டைக்கு ஏற்றிவிடுவோம்" என்றார். ஆர்கன்காரருக்கு அது ஒரு பட்டன். எனக்கு விரல் இருக்கிறது, ஒரு ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம்) மேலே தள்ளிப் பிடித்தால் ஆயிற்று. கார்டுகளில் (சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டங்களில்) ஒரு பிசகும் இல்லை. காலடியில் இருந்த குமிழ் மட்டும் டி-யிலேயே நின்றது.

சோலோவின் முதல் ஸ்வரம் ஜி. பெடலை மிதித்தேன். இரண்டரைக் கட்டை, அதாவது ஈ ஃப்ளாட்டில் ஜி-க்கு மேல் மூன்றாவது, பி ஃப்ளாட். டி மேஜரிலோ அது பி. ஆர்கன் ஈ ஃப்ளாட் கார்டை இழுத்துப் பிடித்திருக்கிறது, அதற்குள் பி ஃப்ளாட் இருக்கிறது. என் ஆம்பிலிருந்து (கிட்டார் ஒலிபெருக்கியிலிருந்து) பி கிளம்புகிறது. பழைய ஆலயம், உயரமான கூரை. அந்த உரசலைச் சுவர்கள் விடுவதாகவே இல்லை. நான் செய்தது அதைவிட மோசம்: பிழை விரலில் இருக்கிறது என்று நினைத்து, சோலோவுக்கு நடுவிலேயே வேறு ஃபிரெட்டைத் தேட ஆரம்பித்துவிட்டேன். நான்கு பார். குழுத் தலைவரின் கை காற்றில் அப்படியே நின்றது. முன்வரிசையில் மெழுகுவர்த்தி பிடித்திருந்த ஒரு பொடியன் சிரிப்பை அடக்க முடியாமல் புஸ்ஸென்று ஊதிவிட, அவன் கையில் இருந்த சுடர் அணைந்தது. இன்றும் கண்ணை மூடினால் அந்தப் புகைதான் தெரிகிறது.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள். நான் மட்டும்தான் இப்படியா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அரைக்கட்டை, கோயம்புத்தூர்

நீங்கள் மட்டும் இல்லை அண்ணா. நானும் அதே குட்டையில் விழுந்தவன், வேறு படிக்கட்டு வழியாக.

கல்லூரிக் கலைவிழா. அயர்ன் மெய்டன் என்ற ராக் குழுவின் பாணியில் இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிக்கும் லீட் ஒன்று. இரண்டாவது கிட்டார்க்காரனுக்கு அன்றைக்குத்தான் அரியர் தேர்வு. அவனுக்குப் பதிலாக ஒரு ஹார்மனைசரைக் கடன் வாங்கினேன். பாடுகிறவனுக்காக எங்கள் கிட்டார்களை எப்போதும் அரைக் கட்டை இறக்கித்தான் சுருதி சேர்ப்போம். கை ஈ மைனர் வடிவத்தில் ஓடுகிறது, குமிழையும் ஈ மைனரில் வைத்துவிட்டேன். பெடலுக்குக் கையின் வடிவமா தெரியும்? அது கேட்பதெல்லாம் ஈ ஃப்ளாட் மைனர்.

இரண்டாவது வரியிலேயே டிரம்ஸ் வாசித்தவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் என்னை இன்று வரை அரிப்பது அது இல்லை. நடுவர்களில் ஒருவர் மேடைக்கு வந்து, "துணிச்சலான ஹார்மனி" என்று என் தோளைத் தட்டினார்.

ஈயம் உருக்குபவன், சென்னை

கடற்கரைத் தம்பிக்கு. கீ மாறியது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பெடலை எங்கே மாட்டியிருந்தாய் என்று சொல்லவே இல்லையே. பத்தில் எட்டுப் பேர் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டிவிட்டு, ஆம்பில் கெய்னை, அதாவது ஒலியை உடைக்கும் அளவை, ஏற்றிவிட்டு, "ஹார்மனி நாராசமாக இருக்கிறது" என்று அழுகிறார்கள்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீ ஏ வாசிக்கிறாய், 440 ஹெர்ட்ஸ். பெடல் அதற்கு மேல் சி ஷார்ப் சேர்க்கிறது, கிட்டத்தட்ட 554. இரண்டும் தனித்தனியாக வெளியே வந்தால் காதுக்கு இனிமை. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கட்டி டிஸ்டார்ஷனுக்குள் (ஒலியை வேண்டுமென்றே உடைக்கும் இடத்துக்குள்) தள்ளினால், அது அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் தானாகச் சமைத்துத் தருகிறது. 554-இல் 440 போனால் 114. கீழே உள்ள ஏ 110, அதற்கு அடுத்த ஏ ஷார்ப் 116.5. இந்த 114 இரண்டிலும் சேராமல் நடுவில் உட்கார்ந்து உறுமும். நீ வாசிக்கவில்லை, பெடலும் வாசிக்கவில்லை, ஆனால் கேட்கும்.

எனவே டிஸ்டார்ஷன் முதலில், ஹார்மனி பிறகு. கெய்ன் ஆம்பிலிருந்தே வருகிறது என்றால் ஆம்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப், அதாவது உடைந்த ஒலியை வெளியே எடுத்து மறுபடி உள்ளே விடும் சென்ட், ரிட்டர்ன் துளைகள் இருக்கின்றனவா பார். சென்ட்டிலிருந்து ஒரு கேபிள் ஹார்மனைசருக்குள், அதிலிருந்து இன்னொரு கேபிள் ரிட்டர்னுக்கு. அப்போது ஒரே ஸ்வரம் உடைந்து, உடைந்த குரலுக்கு ஜோடி சேரும். அதுதான் இரண்டு கிட்டார் போலக் கேட்கும். லூப்பில் அளவைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் இருந்தால் குறைந்த பக்கம் வை. சில ஆம்புகள் அனுப்பும் வலுவைத் தரைப் பெடல் தாங்காமல் கரகரக்கும். ஐந்து பெடலுக்கு ஒரே அடாப்டரிலிருந்து கொத்தாக மின்சாரம் கொடுக்காதே, டிஜிட்டல் பெடல் கொசு போல ரீங்கரிக்கும். தடித்த ஆறாவது தந்தியில் ஹார்மனி எதிர்பார்க்காதே. அந்தத் தந்தி 82 ஹெர்ட்ஸ், ஓர் அலை முடியவே 12 மில்லி விநாடி. அந்த ஒரு அலையையாவது கேட்காமல் பெடல் ஸ்வரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கீழ்த் தந்திகளில் ஹார்மனி தாமதமாகத் தடுமாறி வருகிறது. கார்டு வாசித்தாலும் அப்படித்தான், கீ பார்த்துப் பாடும் பெடல் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தைத்தான் புரிந்துகொள்ளும். கடைசியாக, பேலன்ஸ் குமிழைப் பாதிக்கு மேல் ஏற்றாதே. இரண்டாவது குரல் ஒரு படி பின்னால் நிற்கட்டும்.

என் அனுபவம் என்று கேட்டால், இரண்டு வருடம் முன்பக்கம் மாட்டித்தான் வாசித்தேன். ஒரு நாள் சமையலறையிலிருந்து மனைவி, "மிக்ஸியில் என்ன மாட்டிக்கொண்டது?" என்று ஓடி வந்தாள்.

கடற்கரை கிட்டார், தூத்துக்குடி

ஐயா, என் ஆம்ப் டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் சானலில் இருந்தது.

ஒற்றைத்தந்தி, திருச்சி

ஈயம் ஐயா சொல்வதை அப்படியே விழுங்க வேண்டாம். கனமான டிஸ்டார்ஷனுக்குப் பிறகு ஹார்மனைசரை வைத்தால், பக்கத்துத் தந்தியை விரல் தொட்ட சத்தம்கூட உப்பிப்போய் உள்ளே நுழைகிறது. பெடல் எது ஸ்வரம், எது குப்பை என்று தெரியாமல் தத்தளிக்கிறது. நான் முன்னால்தான் வைக்கிறேன். கெய்ன் குறைவு, ஐந்தாவது ஸ்வரம் மட்டும். ஐந்தாவது டிஸ்டார்ஷனுக்குள் போனாலும் கெடாது, பவர் கார்டு என்று நாமெல்லாம் வாசிப்பதே அதுதானே.

சரி, என் கதை. கல்யாண வரவேற்பு. பெடலை அணைத்துவிட்டதாக நினைத்து, மணமக்கள் மாலை மாற்றும்போது மெல்லிய கார்டுகளை வருடினேன். அணைக்கவில்லை. கார்டு கார்டாகப் பெடல் கொப்பளித்தது. மணமகனின் தாத்தா, "தம்பி, தண்ணீர் குடித்துவிட்டு வாசி" என்றார்.

பஞ்சமம் வேண்டாம், சென்னை

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மார்கழியில் ஒரு சிறிய அரங்கு. வயலின், மிருதங்கம், என் மின்கிட்டார். மூன்றாவது உருப்படி ஹிந்தோள ராகம். ஹார்மனைசரில் மேஜர், மைனர் என்றுதான் இருக்கிறது; ராகப் பெயர் எழுதிய குமிழ் இன்னும் பிறக்கவில்லை. சங்கராபரணம் என்றால் மேஜர், நடபைரவி என்றால் மைனர், இவற்றைச் சமாளிக்கலாம். ஹிந்தோளத்தின் ஐந்து ஸ்வரமும் நடபைரவிக்குள் இருக்கின்றன, எனவே மைனரில் வைத்தால் போதும் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்தேன். வீட்டில் மேலும் கீழும் நான்கு ஸ்வரம் வாசித்துப் பார்த்தேன், ஸ, ம, த, மறுபடி ஸ. ஸ-வுக்கு க, ம-வுக்கு த, த-வுக்கு மேல் ஸ. எல்லாம் ராகத்துக்குள்ளேயே.

க-வையும் நி-யையும் வாசித்துப் பார்க்கவில்லை.

நடபைரவியில் க-வுக்கு மேல் மூன்றாவது எது? பஞ்சமம். நி-க்கு மேல் மூன்றாவது ரிஷபம். ஹிந்தோளத்தில் விலக்கி வைத்த இரண்டே இரண்டு ஸ்வரம் இவைதான். மேடையில் மத்யமத்திலிருந்து இறங்கிக் காந்தாரத்தில் நின்றேன், நின்று சற்று அசைத்தேன். பஞ்சமம் தெளிவாக, சுத்தமாக, சுருதி பிசகாமல் அரங்கை நிறைத்தது. அசைவு ஒவ்வொன்றுக்கும் அதுவும் கூடவே அசைந்தது. வயலின் ஐயா வில்லைத் தந்தியிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பஞ்சமம் யார் வாசித்தது?" என்றார். நான் என் காலைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. காப்பிகூட வாங்கித் தந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

நடுச்சாமம், கும்பகோணம்

ஹிந்தோளத்துக்கு எதற்கு ஹார்மனி? யார் கேட்டார்கள்? ஒற்றைக் கோடாகப் போவதுதான் நம் சங்கீதத்தின் அழகு. வயலின் ஐயா காப்பி வாங்கிக் கொடுத்தது அவருடைய பெருந்தன்மை. நானாக இருந்தால் எழுந்து போயிருப்பேன்.

பஞ்சமம் வேண்டாம், சென்னை

நடுச்சாமம் அவர்களே, ராகத்துக்கு ஹார்மனி ஆகாது என்றால் இளையராஜாவை என்ன செய்வீர்கள்? அவர் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் யோசித்து எழுதினார், நான் குமிழைத் திருகிவிட்டுப் போனேன். தவறு அங்கேதான். ஹார்மனி மீது பழி போட வேண்டாம்.

இப்போது ஹிந்தோளம் வாசித்தால் மேல் ஸ்தாயி மட்டும் வைக்கிறேன். ஸ்தாயி எந்த ராகத்தையும் காட்டிக்கொடுக்காது.

பனையோலை, யாழ்ப்பாணம்

எனக்கு மேடை இல்லை, வீட்டுக் கதைதான்.

அண்ணாவும் நானும் ஒரே ஆம்பில் இரண்டு கிட்டாரையும் செருகி வாசித்து வளர்ந்தவர்கள். அவர் மேல் குரல், நான் கீழ்க் குரல். அவர் கனடா போய்விட்டார். அங்கிருந்து முதல் முறை அனுப்பிய பெட்டியில் சாக்லேட்டுகளுக்கு அடியில் ஒரு ஹார்மனைசர் இருந்தது. "இனி நீ தனியாகவே இரண்டு பேர்" என்று ஒரு துண்டுக் காகிதமும்.

அன்றிரவே பழைய மெட்டொன்றை எடுத்தேன், சி மேஜர். அதில் ஓர் இடம் வரும்: நான் சி-யில் தொட்டுத் தந்தியை டி வரை வளைப்பேன், முழு ஸ்வரம். அண்ணா அதே நேரத்தில் ஈ-யிலிருந்து எஃப் வரை வளைப்பார், அரை ஸ்வரம்தான். நான் ஒரு விரலளவு தள்ளினால் அவர் அரை விரலளவு தள்ள வேண்டும். இருவரும் ஒரே நொடியில் போய்ச் சேர வேண்டும். அந்த ஓர் இடத்துக்கு ஒரு முழு விடுமுறை சண்டை போட்டுப் பழகியிருந்தோம்.

பெடல் என்ன செய்தது தெரியுமா? நான் வளைக்க வளைக்க அதுவும் என்னோடு அதே அளவு ஏறியது. எஃப்-ஐத் தாண்டி எஃப் ஷார்ப் வரை போய்விட்டது. பிறகுதான் நான் டி-யில் நிற்பது அதற்குப் புரிந்தது. சட்டென்று எஃப்-க்கு இறங்கியது. பிழை செய்தவன் ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் திரும்புவது போல.

பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். பத்துத் தடவையும் அதே இடத்தில் அதே ஏற்றம், அதே இறக்கம். அண்ணா தொலைபேசியில், "எப்படி இருக்கிறது?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஈயம் உருக்குபவன், சென்னை

பனையோலை, வளைக்காமல் அந்த இரண்டு ஸ்வரத்தையும் தனித்தனியாக மீட்டினால் பெடல் சரியாகப் பிடித்துக்கொள்ளும். அல்லது டி-யிலேயே தொட்டு, வளைக்காமல் அதிர்வு மட்டும் கொடுங்கள். இன்னொன்று, உங்கள் பெடலில் இரண்டு அவுட்புட் இருந்தால்

அரைக்கட்டை, கோயம்புத்தூர்

ஐயா, அவர் அதையா கேட்டார்?

ஈயம் உருக்குபவன், சென்னை

சரி. பாதியில் அனுப்பிவிட்டேன், மீதியை எழுதவில்லை.

பெயர்த்திருத்தி, சிங்கப்பூர்

எல்லோரும் ஹார்மனைசர் ஹார்மனைசர் என்கிறீர்கள். அந்தப் பெயர் ஈவன்டைட் நிறுவனத்தின் வணிகப் பெயர். 1975-இல் அவர்கள் எச்910 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அது காலால் மிதிக்கும் பெடலே இல்லை, ஒலிப்பதிவுக் கூடத்து அலமாரியில் ஏற்றும் கருவி. பாஸ் நிறுவனம் தன்னுடையதை ஹார்மனிஸ்ட் என்றுதான் அழைக்கிறது. டிஜிடெக்கின் வாமி 1989-இல் வந்தது, அதைக் கால்மிதியால் ஏற்றி இறக்கலாம், ஆனால் நீங்கள் எந்தக் கீயில் வாசிக்கிறீர்கள் என்ற கவலை அந்த முதல் வாமிக்கு இல்லை. குறித்த இடைவெளியை அப்படியே சேர்க்கும். பெயரைச் சரியாகச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஒற்றைத்தந்தி, திருச்சி

நன்றி. உங்கள் அனுபவம் எங்கே?

பெயர்த்திருத்தி, சிங்கப்பூர்

வாங்கினேன். ஒரு மாதத்தில் விற்றுவிட்டேன்.

கடற்கரை கிட்டார், தூத்துக்குடி

படித்து முடித்தேன். ஹிந்தோளக் கதையோடு ஒப்பிட்டால் என்னுடையது பரவாயில்லை போலிருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவரும் வில்லை மடியில் வைக்கவில்லை.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். மெழுகுவர்த்தியை அணைத்த அந்தப் பொடியன் இப்போது வளர்ந்துவிட்டான், பாடகர் குழுவில் நிற்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் பாட்டு தொடங்குவதற்கு முன் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "அண்ணன், இன்று எத்தனை கட்டை?" என்கிறான். குமிழைத் திருப்பிவிட்டுத்தான் அவனுக்குப் பதில் சொல்கிறேன்.

அரைக்கட்டை, கோயம்புத்தூர்

பெயர்த்திருத்தி அண்ணா, அந்தப் பெடலை யாரிடம் விற்றீர்கள்? எங்கள் இரண்டாவது கிட்டார்க்காரனுக்கு மறுபடியும் அரியர்.