மறு: மறு: சாயம் கல் பட்டுப் போவதற்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமை அச்சு
(எழுதுவோர் பெயருக்குப் பதில் அவரவர் மலேசிய ஊர்)

செந்தூல்:
வணக்கம். வாகனச் சாயப் பயிற்சிக் கையேட்டின் அடுத்த பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி கிளப்பிவிடும் பொடிக்கல் பானட்டில் அடித்து, சாயம் புள்ளி புள்ளியாகப் போகிறதே, அதற்கு ஒரு பெயர்ச்சொல் தேவை. ‘சில்லு’ ஒத்துவராது, கணினிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். கீறல் வேறு, உரிதல் வேறு. அவற்றோடு குழம்பக் கூடாது.

பட்டர்வொர்த்:
கல்தெறி. தெறித்து வருவது கல், தெறித்துப் போவது சாயம். ஒரே வினை இரண்டுக்கும் பொருந்துகிறது.

பிரிக்பீல்ட்ஸ்:
ஐயா, சொல்லும் தொடரும் சேர்ந்தால் சொற்றொடர். அப்படியானால் உங்கள் சொல் கற்றெறி. மாணவன் அதைக் ‘கற்று எறி’ என்று பிரித்துப் படித்துக் கையேட்டை எறிந்தால் நான் பொறுப்பில்லை.

‘பொளிவு’ எடுத்துக்கொள்ளுங்கள். குறுந்தொகையில் வேழம் பிடியின் பசி களைய யா மரத்தைப் பொளிக்கிறது. பொள், பொளி, பொள்ளல், பொத்தல், பொந்து எல்லாம் ஒரே வேர் என்பேன். பொக்கைவாயையும் இதில் சேர்க்கலாம், சான்றுகளைத் தனிமடலில் தருகிறேன்.

செராஸ்:
தனிமடலிலேயே இருக்கட்டும் அண்ணே. யானை செய்வது பட்டை உரிப்பது. ஸ்பிரே கடையில் அது வேறு கோளாறு: பல வருட வெயிலில் கிளியர், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு, செத்து, கூரையிலும் பானட்டிலும் தாள் தாளாகக் கழன்று வருவது. கல்லடி அப்படியல்ல.

ஆலைச் சாயத்தின் கணக்கு இது. தகட்டின் மேல் துத்தநாகமும் பாஸ்பேட்டும். பிறகு வண்டிக்கூட்டைத் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் படியவைக்கும் எப்பாக்சிப் பிசின் பூச்சு, சுமார் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நிறத்துக்கு அடியில் வரும் பிரைமர் 30 சொச்சம், நிறம் 15 சொச்சம், கிளியர் 40 முதல் 50. மொத்தம் 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கும். கல்லடியை வாங்கிக்கொள்ளும் மெத்தை அந்தப் பிரைமர்தான். செலவைக் குறைக்கச் சில ஆலைகள் அதைத் தனியாகச் சுடுவதில்லை, சில அந்த அடுக்கையே எடுத்துவிட்டன. கிளியரோ கீறல் தாங்கட்டும் என்று இறுகலாகச் செய்யப்படுகிறது. இறுக இறுக வளைந்துகொடுக்காது. இப்போதைய சாயம் கல்லடியில் எளிதில் போகத் தண்ணீர்ச் சாயம் வந்ததுதான் காரணம் என்று கடைக்குக் கடை சொல்வார்கள். தண்ணீர் பெரும்பாலும் நிற அடுக்கில்தான். மேலே இருக்கும் கிளியர் அநேகமாகப் பழைய தின்னர் (ரசாயனக் கரைப்பான்) வகையே.

வேகத்தையும் பாடத்தில் சேருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 110க்கு ஏறினால் அடியின் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

சொல் எதுவானாலும், எந்த அடுக்குவரை போனது என்பதை அதோடு சேர்த்துச் சொல்ல முடியவேண்டும். சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் பிரைமர் நிற்கிறது, அவசரமில்லை. தகடு பளபளத்தால் இந்த ஊர் ஈரத்துக்குத் துரு சீக்கிரமே வரும். அலுமினியப் பானட் என்றால் செந்துரு வராது, வெள்ளையாகப் பூக்கும். பம்பரில் கருப்புத் தெரிந்தால் அது பிளாஸ்டிக், துருவுக்கே வழியில்லை.

ஜார்ஜ்டவுன்:
பிரைமர், கிளியர், பானட், பம்பர், தின்னர். ஒரே மடலில் இத்தனையா? கிளியருக்குத் ‘தெளிபூச்சு’ இருக்கிறதே.

பிரிக்பீல்ட்ஸ்:
வினைத்தொகை அம்மா. தெளிந்த பூச்சா, தெளித்த பூச்சா? ஸ்பிரே கடையில் எல்லாமே தெளித்த பூச்சு.

செந்தூல்:
நாள் ஓடுகிறது. கடையில் வாயில் வருவது என்ன?

செராஸ்:
“பெயிண்டு பேந்துருச்சு.”

பிரிக்பீல்ட்ஸ்:
பெயர்ந்துவிட்டது! சுவரில் காரை பெயர்வதும் இதே வினை. தன்வினை, குற்றமில்லை. பெயர்வு என்று வையுங்கள். பெயர்ச்சி வேண்டாம், சனிப்பெயர்ச்சி என்று நினைத்துப் பரிகாரம் கேட்பார்கள்.

செராஸ்:
பரிகாரம் இருக்கிறது, பாடத்தில் போடுங்கள். கழுவிக் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவேண்டும். மெழுகு மிஞ்சினால் சாயம் ஒட்டாமல் குழிகுழியாக விலகும். ஆடும் விளிம்பை டேப்பால் ஒற்றி எடுத்துவிடவேண்டும். துரு இருந்தால் உலோகம் மின்னும்வரை சுரண்டி, தகட்டில் மட்டும் எப்பாக்சி பிரைமர் ஒரு துளி. நிறத்தின் எண் பல வண்டிகளில் கதவுத்தூண் தகட்டில் இருக்கும். நிறத்தை மெல்லிய அடுக்காக இரண்டு மூன்று தடவை, நடுவே 20 நிமிடம் விட்டு வைக்கவேண்டும். கிளியர் சுற்றுப்பரப்பைவிட ஒரு மயிரிழை உயரமாக நிற்கட்டும். ஒரு வாரம் கழித்து 2000, 3000 எண் சேண்ட் பேப்பரில் தண்ணீரோடு தேய்த்து, காம்பவுண்ட் என்னும் மெருகுப் பசை போடலாம்.

கெடுவது இரண்டு இடத்தில். ஒரே சொட்டில் குழியை நிரப்பினால் மேல்தோல் காய்ந்து தின்னர் உள்ளே சிக்கும், பிறகு சுருங்கிப் பள்ளம் விழும். அகலமாகத் தேய்த்தால் பக்கத்து நல்ல கிளியர் தேய்ந்துபோகும். மாலை மழைக்கு முன் செய்யக் கூடாது, ஈரத்தில் வெளுக்கும்.

காப்பு என்றால் 150 முதல் 200 மைக்ரான் யூரிதேன் பிலிம். பானட்டின் முன்பாதி, பம்பர், பக்கக் கண்ணாடி, சக்கரத்துக்குப் பின்னுள்ள கீழ்ப்பகுதி போதும். செராமிக் பூச்சு ஓரிரு மைக்ரான்தான். கழுவ எளிது, கல்லைத் தடுக்காது. புதிதாக அடித்த சாயத்தின் மேல் ஒரு மாதம் பிலிம் ஒட்டவேண்டாம். கடை அடுப்பு 60 பாகை செல்சியஸ்; ஆலையின் 140க்கு ஏற்றினால் பிளாஸ்டிக்கும் வயரும் போய்விடும். அதனால் கடைச் சாயம் இறுக நாளாகும்.

பட்டர்வொர்த்:
பிலிமுக்குப் ‘படலம்’ சரி, யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் கல்லைச் சேர்த்துக் கல்பெயர்வு என்று போடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்:
கற்பெயர்வு. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கற்பு என்னவோ ஆனது போல் இருக்கும்.

செந்தூல்:
சரி. பொதுச்சொல் சாயப்பெயர்வு. நிறம்வரை போனால் மேற்பெயர்வு, தகடுவரை போனால் அடிப்பெயர்வு. கிளியரும் பிரைமரும் அப்படியே போகின்றன, தேர்விலும் பட்டறையிலும் அவைதான்.

பட்டர்வொர்த்:
கல் இல்லையென்றால், பக்கத்துக் கார்க் கதவு இடித்ததும் இதில் சேருமே?

செராஸ்:
சேரட்டும். செய்யும் வேலை ஒன்றுதான்.

ஜார்ஜ்டவுன்:
சாயம் துணிக்கு, வண்டிக்கு வண்ணம். வண்ணப்பெயர்வு என்பதே என் வாக்கு. கிளியருக்கு ‘ஒளிர்பூச்சு’ என்று அடைப்புக்குறியிலாவது போடுங்கள்.

செந்தூல்:
அடைப்புக்குறிக்கு அந்த வரியில் இடமில்லை அம்மா. இந்த ஊரில் வீட்டுக்கும் வண்டிக்கும் சாயம்தான் அடிக்கிறோம்.

ஜார்ஜ்டவுன்:
எழுத்தளவைக் குறைத்தால் இடம் வரும்.