உள்ளங்காலில் மச்சம் பெரிதாகிறது, காட்ட வேண்டுமா?

கேள்வி: 12 வருடமாக வெயிலில் நின்று செய்யும் வேலை. உள்ளங்காலில் கடுகளவு இருந்த மச்சம் ஆறே மாதத்தில் மிளகைவிடப் பெரிதாகிவிட்டது, ஒரு ஓரம் மட்டும் மை கசிந்த மாதிரி இருக்கிறது. வலி இல்லை. கறுப்புத் தோலுக்குப் புற்றுநோய் வராது என்கிறார்களே, விட்டுவிடலாமா?

பதில் 1: விடாதீர்கள். கறுப்புத் தோலில் வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் அதிகம் படாத இடத்தில்தான் வரும். ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்து, 1981இல் 36 வயதிலேயே போய்விட்டார்.

பதில் 2: என் அப்பாவுக்கும் வலிக்கவே இல்லை. ஓரம் கலைவது, 6 மில்லிமீட்டரைத் தாண்டுவது, முக்கியமாக மாறிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் உடனே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. பயாப்ஸி (தோலை வெட்டி எடுத்துச் சோதிப்பது) என்றால் பயப்படாதீர்கள், புற்று தோலோடு நிற்கும்போதே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

கேட்டவர்: சரி, நாளைக்கே போகிறேன்.